விழிப்புணர்வுக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் ஒரே மாதிரியான செய்தி அடிக்கடி வருகிறது. இன்ன ஊரில் மீனவர்களுக்கு நவீனத் தொழில்நுட்ப விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது, இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் சிறப்புரை ஆற்றினார், திரளானோர் கலந்துகொண்டனர், கூடவே குத்துவிளக்கு ஏற்றும் படம். அந்தச் சிறப்புரையில் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. இதை உங்கள் நிருபரின் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். பல கூட்டங்களில் கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும்படி எதுவும் சொல்லப்படுவதே இல்லை. புதிய தொழில்நுட்பத்தை மக்களுக்கு விளக்கிச் சொல்லும் பேச்சை நாம் ஒரு சடங்காக ஆக்கிவிட்டோம் என்கிற வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நான் மாவட்டத்தின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் என் பொறுப்புதான். ஜீவா பிறந்த பூதப்பாண்டியும் கலைவாணர் பிறந்த ஒழுகினசேரியும் இருக்கிற மாவட்டம் இது, நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, அதனால் எனக்கு என்ன பயன், அது எங்கே கைவிடும் என்று பொறுமையாக விளக்கும் பேச்சு வேறு வகை. அதற்கு நாம் யாரையும் பழக்குவதில்லை.

சென்ற ஆண்டு பக்கத்து ஊர் ஒன்றில், செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு செய்தி பரிமாறவும் ஆபத்தில் உதவி கேட்கவும் படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டர் கருவி பற்றிக் கூட்டம் என்றார்கள். ஆசையோடு போனேன். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அப்புறம் இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, விஷயம் தெரிந்த அந்த ஒருவரின் கைக்கு மைக் போனபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அவர் செயற்கைக்கோளின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். திரையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து, அதுவும் பின்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் பாதி தெரியவில்லை. முடிவில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. நன்றியுரை, தேசிய கீதம், கலைந்துவிட்டார்கள்.

வெளியே பூவரசு மரத்தடியில் நின்று பேச ஆரம்பித்த பிறகுதான் கேள்விகள் வந்தன. "பொத்தானை அமுக்கினா யாருக்குப் போகும்? போய்ச் சேர்ந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" "படகு கவுந்தா பெட்டியும் கூடத்தானே போகும்?" "என்ஜின் நின்னு போனா இதுக்கு கரண்ட் எங்கேருந்து?" "நாங்க மீன் பிடிக்கிற இடம் மத்த படகுக்காரனுக்குத் தெரிஞ்சிடாதா?" "தெரியாம எல்லை தாண்டிட்டா நம்ம மேலேயே வழக்குப் போட இதுவே சாட்சி ஆகுமோ?" கருவி ஏற்கெனவே பொருத்திய ஒருவர், தான் அதை அணைத்தே வைத்திருப்பதாகச் சொன்னார். காரணம் கேட்டேன், அந்தக் கடைசி இரண்டு சந்தேகங்கள்தான். உள்ளே மேடையில் பேசியிருக்க வேண்டியது முழுக்க அந்த மரத்தடியில் கிடந்தது. யாராவது முதல் நாளே ஏலக்கூடத்துக்கு வந்து அரை மணி நேரம் நின்று கேட்டிருந்தால் உரை தானாகவே அமைந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், ஒக்கி. 2017 நவம்பர் 29-ம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது, குமரிமுனைக்குத் தெற்கே கடல் வழியாகக் கடந்து லட்சத்தீவுப் பக்கம் போனது. கரையில் இருந்தவர்களுக்கே நேரம் போதவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, இரவிபுத்தன்துறை என்று இந்த வரிசை ஊர்களிலிருந்து பல நாள் முன்பே தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போய், கரையை விட்டு வெகுதூரம் தள்ளி நின்ற படகுகளுக்கு எச்சரிக்கையை எப்படிக் கொண்டு சேர்ப்பது? கைப்பேசிக் கோபுரத்தின் எல்லை கரையைத் தாண்டிக் கொஞ்சத்திலேயே முடிந்துவிடும். வி.எச்.எப். வயர்லெஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் சுமார் 25 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். கரையில் 100 மீட்டர் கோபுரமே இருந்தாலும் 50 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டலாம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது தவிர வேறு என்ன இருந்தது?

அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010-லிருந்தே இருந்தது. அதில் அபாயச் செய்தி போகும், போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2019-ல் வந்த ஜெமினி கருவி, ககன் என்ற நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பின் வழியாக வானிலை எச்சரிக்கையையும் மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களையும் வாங்கி ப்ளூடூத்தில் கைப்பேசிக்குத் தரும், ஆனால் படகிலிருந்து கரைக்கு எதையும் சொல்ல முடியாது. இப்போதைய டிரான்ஸ்பாண்டரில்தான் செய்தி இரண்டு பக்கமும் போய்வருகிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தில் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலுமாக 1 லட்சம் படகுகளில் இதைப் படிப்படியாகப் பொருத்த வேண்டும், செலவு சுமார் 360 கோடி ரூபாய். இவ்வளவு செலவு செய்து கொடுக்கிற ஒன்றை, வாங்குகிற மனிதர் சந்தேகத்தில் அணைத்து வைத்துவிட்டால் பணமும் போச்சு, அதைவிட முக்கியமாக, அடுத்த புயலுக்கு நாம் மறுபடியும் பழைய நிலையில்தான் நிற்போம். பெட்டியைப் பொருத்துவது எவ்வளவு முக்கியமோ, அதை விளக்கும் அரை மணி நேரப் பேச்சும் அவ்வளவு முக்கியம்.

சரி, அப்படி ஒரு பேச்சை எப்படித் தயார் செய்வது? எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழி இல்லை. புதிய தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றி 10 நிமிடத் தகவல் உரை என்று ஒரு போட்டி. அவள் அப்பா ஆழ்கடல் படகில் தொழில் செய்கிறவர். முதலில் எழுதிக்கொண்டு வந்தது "விண்ணை அளக்கும் விஞ்ஞான யுகத்திலே" என்று தொடங்கியது. இதை உன் அப்பா உட்கார்ந்து கேட்பாரா என்றேன். "எழுந்து போயிருவாங்க டீச்சர்" என்றாள். அப்படியென்றால் அவர் எழுந்து போகாத பேச்சு எது என்று போய்க் கண்டுபிடி என்று அனுப்பினேன்.

அவள் அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. பாட்டாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், வலை பின்னுகிறவர்களிடம், ஐஸ் ஏற்றுகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள். கேட்டதில் ஒரு விஷயம் எனக்கே புதிது. படகில் ஜி.பி.எஸ். இருப்பதால் நாம் எங்கே இருக்கிறோம் என்று கரையில் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுப் பெண்களில் அநேகம் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தவறான அந்த நிம்மதி ஆபத்தானது. ஆகவே அவள் தன் உரையை அங்கேதான் தொடங்கினாள்: "உங்க படகுல இருக்கிற ஜி.பி.எஸ். உங்களுக்கு வழி சொல்லும், கரைக்கு உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லாது." அதற்கு ஒரு உவமை வைத்திருந்தாள். வீட்டு ரேடியோவில் நாகர்கோவில் வானொலி நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, ஜி.பி.எஸ். அந்த ரேடியோ மாதிரி என்றாள். ஒரே ஒரு உவமைதான், அதையே உரை முழுக்க வைத்துக்கொண்டாள், ஜெமினியும் அந்த ரேடியோ வகைதான், டிரான்ஸ்பாண்டர்தான் திருப்பிப் பேசும் என்று அடுத்தடுத்துப் போனாள். புதுப்புது உவமையாக அடுக்கினால் கேட்கிறவர்கள் உவமையைத்தான் ஞாபகம் வைப்பார்கள், கருவியை மறந்துவிடுவார்கள்.

அடுத்து தூரம். ஆன்டெனா உயர உயர எட்டும் தூரம் கூடும் என்பது கடலுக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அனுபவத்தில் தெரிந்தது. அந்த அனுபவத்தைப் பிடித்துக்கொண்டே அவள் மேலே ஏறினாள். 9 மீட்டர் ஆன்டெனாவுக்கு இவ்வளவு, 100 மீட்டர் கோபுரத்துக்கு இவ்வளவு, அப்படியானால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் நின்றால்? பூமி சுற்றுகிற அதே வேகத்தில் அதுவும் சுற்றிவருவதால் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளம் 3,214 கிலோமீட்டர், அதைப் போல 11 மடங்கு உயரம். அவ்வளவு தூரம் ஏறி இறங்கியும் சிக்னல் கால் விநாடிக்குள் வந்துவிடும். இந்த இடத்தில் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எண்களைச் சொன்னால் மக்களுக்குப் புரியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. கடல் ஆழத்தைப் பாகக் கணக்கில் மனதில் வைத்திருக்கும் மனிதருக்கு எண் புரியாமல் போகுமா? காரணமில்லாமல் கொட்டும் எண்கள்தான் புரியாது.

அப்புறம் அவள் செய்த இன்னொரு காரியம், கருவியால் முடியாததையும் சொன்னாள். செய்தி எழுத்தாகத்தான் போகும், கைப்பேசியில் பேசுவது போல இதில் பேச முடியாது. ஆன்டெனாவுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும், அதன்மேல் வலையைக் குவித்து வைக்கக் கூடாது. பெட்டி உதவியைக் கூப்பிடத்தான் செய்யும், உதவி வந்து சேரும் நேரம் தூரத்தையும் கடலின் கோபத்தையும் பொறுத்தது, அதனால் பெட்டியை லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதிலாக நினைக்கக் கூடாது. இதைச் சொன்னால் கருவியின் மதிப்பு குறைந்துவிடும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள் போலும், எந்தக் கூட்டத்திலும் இது வருவதில்லை. நடப்பது நேர்மாறாக இருக்கிறது. குறையைச் சொன்ன பிறகுதான் அவள் சொன்ன நிறையை அந்தக் கூட்டம் நம்பியது.

தகவலைச் சரிபார்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிய தொழில்நுட்பம் என்றால் தகவலும் சீக்கிரம் பழசாகும். வாட்ஸ்அப்பில் வந்தது, யாரோ காணொளியில் சொன்னது, போன வருடக் கட்டுரையில் இருந்தது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மேடையில் பேசக் கூடாது. இஸ்ரோ என்ன வெளியிட்டிருக்கிறது, ஐதராபாத்தில் இருக்கிற, கடல் நிலைத் தகவல் தரும் இன்காய்ஸ் மையம் என்ன சொல்கிறது, மீன்வளத் துறை அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒத்துப்போகாததை உரையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கருவியோடு வரும் கையேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மீன் பிடிக்கும் இடம் யார் யார் கண்ணில் படும், எல்லை தாண்டினால் அந்தப் பதிவு எதற்குப் பயன்படும் என்கிற கேள்விகளுக்கு, துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும். இதுதான் அவர்கள் மனதில் இருக்கிற முதல் கேள்வி. இதை விட்டுவிட்டு எவ்வளவு அழகாகப் பேசினாலும் பெட்டி அணைந்தேதான் இருக்கும். மேடையில் தெரியாத கேள்வி வந்தால் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் மறுவாரம் உண்மையிலேயே வந்து சொல்ல வேண்டும். கரையில் ஒரு வாக்கு தவறினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

புதிய ஒன்றை மக்களிடம் கொண்டுபோவதில் நமக்கு முன்னோடிகள் இல்லாமலும் இல்லை. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கிய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைச் செய்து காட்டித்தான் பரப்பினார். பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தனியே வெளியே எடுத்து, அடையைப் பிழியாமல் சுழற்றித் தேனை எடுத்து, அதே அடையைத் திரும்ப வைக்கலாம் என்று கண்முன்னே பார்த்தவனுக்கு அதற்குமேல் சொற்பொழிவு எதற்கு? இன்றைக்கு மார்த்தாண்டம் தேன் என்றால் நாடு முழுக்கத் தெரிகிறது. அந்த மாதிரி, டிரான்ஸ்பாண்டர் கூட்டத்தில் டிரான்ஸ்பாண்டரே இருக்க வேண்டும். கைக்குக் கை மாறட்டும், எடை பார்க்கட்டும், பொத்தானின் மூடியைத் திறந்து பார்க்கட்டும். கரையில் நிற்கிற ஒரு படகில் வைத்துச் சாதாரணச் செய்தி ஒன்றை அனுப்பி, பதில் வருவதைக் காட்டலாம். அபாயப் பொத்தானை மட்டும் வேடிக்கைக்கு அமுக்கக் கூடாது, அங்கே மீட்புப் படையை வீணாக ஓடவைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் திரையும் புரொஜெக்டரும் தேவையே இல்லை, கரண்ட் போனாலும் கூட்டம் நடக்கும்.

தும்பாவை இன்னொரு உதாரணமாகச் சொல்வேன். திருவனந்தபுரத்தை அடுத்து இருக்கிறது, இங்கிருந்து அதிக தூரமில்லை, நம்மைப் போலவே மீன்பிடி ஊர். ராக்கெட் தளத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா அதை ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் மக்கள் முன்னே வைத்து விளக்கி, அவர்கள் சம்மதத்தைக் கேட்டார் என்று அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தங்கள் கோயிலையும் வீட்டையும் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஒரு மீனவ ஊர் ஒத்துக்கொண்டது என்றால், கேட்ட விதம் எப்படி இருந்திருக்க வேண்டும். அவர்கள் நம்புகிற ஆள், அவர்கள் கூடுகிற இடம், அவர்கள் பேச்சு, ஒளிக்காமல் சொன்ன காரணம். இதற்குமேல் ஒரு தகவல் உரைக்கு என்ன வேண்டும்?

நம் வில்லுப்பாட்டையும் யோசித்துப் பாருங்கள். ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக்கொண்டே வந்து, நடுநடுவே "அது எப்படிண்ணே?" என்று கூட்டத்துக்காகக் கேட்பார். கேட்கிறவர் மனதில் இருக்கிற சந்தேகத்தை மேடையிலேயே ஒருவர் கேட்டுவிடுகிற ஏற்பாடு இது, கலைவாணர் இதைப் பிடித்துக்கொண்டு எத்தனை புது விஷயங்களை மக்களுக்குச் சொன்னார். தொழில்நுட்பக் கூட்டத்திலும் இப்படி இரண்டு பேர் பேசலாம். துறை ஆள் ஒருவர், ஊரில் படகு ஓட்டுகிற ஒருவர். அவர் கேட்க இவர் சொல்ல, கூச்சப்படுகிறவர்களின் கேள்விகள் எல்லாம் தானாக வந்துவிடும். என் மாணவியும் அப்புறம் ஊர்க் கூட்டத்தில் பேசியபோது இதைத்தான் செய்தாள், கேள்வி கேட்க அவள் அண்ணனை நிறுத்தினாள். மேடைக்குக் கீழே இருந்து ஒரு பெரியவர் "மக்களே, இது தண்ணியில விழுந்தா மிதக்குமா, தாழுமா?" என்று எழுந்து கேட்டார். பள்ளிப் போட்டி மேடையில் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

பேசும்போது கவனிக்க வேண்டியவை சில. எழுதியதைப் பார்த்து வாசிக்கக் கூடாது. மனப்பாடம் அதைவிட மோசம், ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். எந்த வரிசையில் சொல்லப்போகிறோம் என்பது மட்டும் மனதில் இருந்தால் போதும், வார்த்தை தானாக வரும். வீட்டில் விஷயமே தெரியாத ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும், அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அந்த இடம் திருத்த வேண்டிய இடம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் வேகம் தெரிந்துவிடும், நம் பிள்ளைகள் மேடையில் ஏறியதும் மூச்சுவிடாமல் ஓடுகிறார்கள். கடற்கரைக் கூட்டத்தில் காற்றும் அலையும் பாதிக் குரலைத் தின்றுவிடும், ஆகவே மைக்கை முதலிலேயே சோதித்து, வாக்கியத்தைச் சின்னதாக்கி, முக்கியமானதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சிலேயே பேசலாம். அறிவியல் என்றாலே மேடைத் தமிழுக்கு மாற வேண்டும் என்று யார் சொன்னது?

நேரமும் காலமும் பார்க்க வேண்டும். வார நாளில் ஏலம் நடக்கிற நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு, மீனவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆழ்கடல் படகுக்காரர்கள் ஊரில் இருக்கிற காலம் அதுதான், கருவி பற்றிய கூட்டத்தை அப்போது வைக்கலாம். பெண்களுக்குத் தனியாகவும் வைக்க வேண்டும், அவர்கள் வரக்கூடிய சாயங்கால வேளையில். படகு பற்றிச் சேதி வராதபோது தவித்து நிற்பது அவர்கள்தான், எந்த எண்ணைக் கூப்பிடுவது, படகின் பதிவு எண், கருவியின் எண் எங்கே எழுதி வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நவம்பர் 21 உலக மீனவர் நாள், தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பியதும் அதே தேதி. புயல் காலத்தின் நடுவே வருகிற அந்த நாளில் ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் பெண்களுக்கான கூட்டத்தை வைக்கலாமே.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்குப் பேச்சுப் போட்டி நடத்தாத பள்ளி இல்லை. மதிப்பெண்ணை உச்சரிப்புக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் மேற்கோளுக்கும் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், ஆனால் பாதி மதிப்பெண்ணாவது பேசி முடித்த பிறகு கேட்கிற கேள்விகளுக்குச் சொல்லும் பதிலுக்கு இருக்க வேண்டும். நடுவர்களில் ஒருவராக, ரப்பர் பால் எடுக்கிறவரையோ படகு ஓட்டுகிறவரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ உட்காரவைக்கலாம். அவருக்குப் புரிந்ததா என்று கேட்டு அதற்கும் மதிப்பெண் போட வேண்டும். ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வந்துவிடும், முப்பந்தல் காற்றாலைகளைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கிறார்கள், பேச விஷயத்துக்கா குறை? தினமும் பார்க்கிற காற்றாலை எத்தனை வேகக் காற்றில் சுற்றத் தொடங்கும், ஏன் சிலது நிற்கும்போது பக்கத்தில் இருப்பது சுற்றுகிறது என்று ஒரு பிள்ளை விசாரித்துவந்து 10 நிமிடம் பேசினால், இணையத்தில் எடுத்த செயற்கை நுண்ணறிவுக் கட்டுரையை ஒப்பிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

கடைசியாக உங்களிடம் என் கோரிக்கைகள். விழிப்புணர்வுக் கூட்டச் செய்தியில் தலைமை, முன்னிலைப் பெயர்களைக் குறைத்து, அங்கே சொல்லப்பட்ட உபயோகமான விஷயம் இரண்டையும், மக்கள் கேட்ட ஒரு கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் போடுங்கள். அப்படிப் போடுவீர்கள் என்று தெரிந்தாலே பேச வருகிறவர்கள் தயாராகி வருவார்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். மேற்குக் கரைத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, டிரான்ஸ்பாண்டர் பற்றிய கேள்விகளை வாசகர்களிடமிருந்து வாங்கி, மீன்வளத் துறையிடம் பதில் பெற்று ஒரு பக்கம் வெளியிட முடியுமா? மீன் பிடிக்கும் இடம் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை முதலில் வையுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் போட்டால், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைக்க இந்தக் கரையில் நிறைய வீடுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்